ஒற்றை நட்சத்திரப் பாதை

உலகத்தில் சிலருக்கு வேலை அதிகம், சிலருக்கு விடுமுறை அதிகம். விடுமுறை அதிகமானவர்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, அதற்குள் ஒரு பென்சிலையும் ஒரு சாவிக்கொத்தையும் போட்டு, ஏதாவது ஒரு மரத்தடியில் ஒளித்து வைப்பார்கள். ஒளித்த கையோடு, ஒளித்த இடத்தைத் தாங்களே போனில் உலகத்துக்கு அறிவிப்பார்கள். மற்றவர்கள் வெயிலையும் நுளம்புக்கடியையும் பாராமல் தேடி வந்து, அதைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, மகிழ்ந்து, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். இது ஒரு விளையாட்டாம். பெரிய மனிதர்களும் விளையாடுகிறார்களாம்.

பிரேமிளா இதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது, தன் கையால் கட்டிய சிவப்புத் துணிக்கு முன்னால் காவல் நின்றுகொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளைத் திட்டி முடித்து, இரண்டாம் சுற்றைத் தொடங்கியிருந்தது.

அக்கராயனுக்கு அங்காலே, பெயரைச் சொன்னால் பஸ் கொண்டக்டரே யோசிக்கிற ஒரு சின்னக் குளம் இருக்கிறது. தார் றோட்டிலிருந்து அந்தக் குளக்கட்டுக்கு ஒரு பாதை. பாதை முடிகிற இடத்தில் பிரேமிளாவின் இரண்டு ஏக்கர் வயல். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த அவளுடைய மாமனார் காடு வெட்டி எடுத்த காணி அது. பிறகு சண்டை வந்து, காணி முழுக்க மிதிவெடி புதைத்து, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். வயலில் வருடக்கணக்காக விளைந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

அந்தப் பலகையைப் பிடுங்கியவர்களில் பிரேமிளாவும் ஒருத்தி. அவள் மிதிவெடி அகற்றும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவள். கனமான கவசத்தைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று, கையகல மண்ணாகத் தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை. ஆனையிறவில் செய்தாள், உடையார்கட்டில் செய்தாள், கடைசியில் சொந்த ஊரிலேயே செய்தாள். வேலை குறைந்ததும் நிறுவனம் அவளுக்கு ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இனி நேரம் நிறைய இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. காணி கையளிக்கிற நாளில் அதிகாரிமார் எல்லோரும் வந்து, தார் றோட்டில் பந்தல் போட்டு, பாதுகாப்பான நிலத்தைப் பற்றிப் பாதுகாப்பான நிலத்தில் நின்றுகொண்டு பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் காணியைத் துப்புரவாக்கியவர்கள்தான் முதலில் அதற்குள் நடந்து காட்டவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சொந்தக்காரர் கால் வைப்பார். தங்கள் வேலையில் தங்களுக்கே நம்பிக்கை இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. குளத்துப் பாதையில் பிரேமிளாதான் முன்னால் நடந்தாள். கைதட்டினார்கள். அவளுடைய கெண்டைக்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கியதைச் சப்பாத்து மறைத்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை விட்ட பிறகும் அவள் எங்கே போனாலும் நிலத்தைப் பார்த்தபடிதான் நடந்தாள். எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்லாத திமிர்க்காரி என்று ஊரில் ஒரு பெயரும் கிடைத்தது.

இந்த மாரிப் பெரும்போகம்தான் அந்த வயலில் முதல் விதைப்பு. புழுதி விதைப்புத்தான் செய்வதாக இருந்தாள். மண் காய்ந்திருக்கும்போதே உழுது நெல்லை எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது அது. மழை முந்திவிட்டால் எல்லாம் போச்சு. உழவு மெசின்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தாள். விதைநெல் மூட்டையில் இருந்தது. வவுனியாவில் மேசன் வேலை செய்யும் கணவன்கூட அதற்காக லீவு கேட்டிருந்தான்.

வியாழன் காலை வயலைப் பார்க்கப் போனவள் பாதையோரத்து மருதமரத்தடியில் நின்றாள். அவள் நிற்க நினைக்கவில்லை, கால் தானாக நின்றது. வேர் இடுக்கில் சருகுகள் கிடந்த விதம் சரியில்லை. காற்று கொண்டுவந்து போட்ட சருகு ஒரு மாதிரிக் கிடக்கும், கை கொண்டுவந்து போட்ட சருகு வேறு மாதிரிக் கிடக்கும். அதற்கடியில் ஒரு விளிம்பு தெரிந்தது. பச்சை நிறம். மனிதன் எதையாவது மறைக்க நினைத்தால் பூசுகிற அதே பச்சை.

பிரேமிளா தன் காலடித் தடத்திலேயே பின்னால் போனாள். முந்தானையில் ஒரு கரையைக் கிழித்துப் பாதைக்குக் குறுக்கே கட்டினாள். நல்லவேளையாகச் சேலை சிவப்பு. பிறகு போனில் சொல்லவேண்டிய இலக்கத்துக்குச் சொன்னாள். எல்லாம் படித்தபடி செய்தாள். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது புதிதாக யாரோ வைத்ததா, இல்லை அவளே அன்றைக்குக் கவனிக்காமல் விட்டதா. மழை மண்ணை அரித்து, தான் விட்டதை இப்போது வெளியே தள்ளியிருந்தால்? அந்தப் பாதையால் ஒரு வருடமாக மாடும் சனமும் போய் வந்திருக்கிறது.

பொலிஸ் சார்ஜன் வீரபாகு வந்தார். இருபது கஜம் தள்ளி நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, பயங்கரமான பொருள்தான் என்று முடிவு செய்தார். "குண்டு எடுக்கிற பிரிவு வந்து பார்த்தபிறகுதான் பாதை திறக்கலாம்" என்றார்.

"எப்ப வருவினம் சேர்?"

"வருவினம்."

அந்தச் சொல்லுக்குக் கிழமையும் இல்லை, திகதியும் இல்லை. வெள்ளிக்கிழமை உழவு மெசின் றோட்டில் வந்து நின்று, சிவப்புத் துணியைப் பார்த்து, திரும்பிப் போனது. குளத்தில் மீன் பிடிப்பவர்கள் சுற்றுப்பாதையால் போனார்கள். மாட்டுக்காரர்களும் அப்படியே போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் பிரேமிளாவின் வீட்டு வாசல் படலையடியில் நின்று ஒரு வசனம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வெளியாட்களாவது படலையோடு நின்றார்கள். மாமியார் வடிவம்மாவுக்குப் படலை தேவைப்படவில்லை.

"உனக்கு வேலை போயிட்டுது எண்டு ஊருக்கு வேலை வைக்கிறாய். ஆரும் கண்டதா சொன்னவையே? நீ ஒருத்திதான் கண்டனி. கண்ணை மூடிக்கொண்டு விதைச்சிருக்கலாம்."

"கண்ணை மூடிக்கொண்டு போனால் பேந்து திறக்க வேண்டி வராது மாமி."

வடிவம்மாவின் இளைய மகன் நிரஞ்சன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். மீள்குடியேறிய புதிதில் விறகு பொறுக்கப் போய் மிதிவெடியில் இடது காலைக் கொடுத்தவன். இப்போது முழங்காலுக்குக் கீழே போடுவது பொய்க்கால். ஊரில் எது நடந்தாலும் அதைப் பற்றி மூன்று பேருக்கு விளக்கம் சொல்லாமல் சாப்பிடாத வாய், அன்றிரவு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டது. பாரைமீன் குழம்பு இரண்டாவது முறைகூடக் கேட்கவில்லை. பாவம், மிதிவெடி என்றதும் பழைய நினைவு வந்துவிட்டது என்று பிரேமிளா இரக்கப்பட்டாள். அந்த இரக்கத்தைப் பிறகு வட்டியோடு திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் தேனுகா, வவுனியாவில் ஒரு வங்கியில் வேலை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் போன். சிவப்புத் துணியைக் கண்டு முகம் சுளித்தாள்.

"அக்கா, இது ஏன் மறிச்சிருக்கு? நான் உள்ளுக்குப் போட்டு உடன வந்திடுவன்."

"போறது நடந்து போகலாம் தங்கச்சி. வாறது ஆகாயத்தாலதான்" என்றாள் பிரேமிளா.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. "ஒரு பெட்டி பார்க்கோணும், அவ்வளவுதான். அந்தா அந்த மருதமரத்து வேருக்குள்ள இருக்கு. பச்சைப் பெட்டி. சருகால மூடியிருக்குமாம்."

பிரேமிளாவுக்குக் காதுக்குள் யாரோ ஊதுவதுபோல் இருந்தது. "ஆர் சொன்னது?"

"போனில போட்டிருக்கே."

அதன் பிறகுதான் தேனுகா அந்த விளையாட்டை விளங்கப்படுத்தினாள். பெட்டி ஒளிப்பது, இடத்தைப் போடுவது, தேடுவது, உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைப்பது. பிரேமிளா மண்ணைப் பார்த்தபடி கேட்டாள். கேட்கக் கேட்க, இந்தப் பெண்ணை எங்கேயாவது காட்டிச் சுகப்படுத்தினால் நல்லது என்று தோன்றியது.

"நட்சத்திரம் போடுவினம் அக்கா. தேடுறது எவ்வளவு கஷ்டம், போய்ச் சேருறது எவ்வளவு கஷ்டம் எண்டு. சிலபேர் அஞ்சு நட்சத்திரத்துக்கு மலை ஏறுவினம், கயிறு கட்டி இறங்குவினம். எனக்கு உது சரிவராது. கிழமை முழுக்க வங்கியில சனத்தோட மல்லுக்கட்டினாப் பிறகு லேசான ஒண்டுதான் வேணும். வாகனத்தை நிப்பாட்டினால் நிழல் இருக்கோணும். கொஞ்சம் நடக்கோணும். போற இடத்தில பார்க்க ஏதும் இருக்கோணும். இந்தக் குளத்துக்குக் கூழைக்கடாப் பறவை வருமாம், பெட்டி இல்லாட்டி நான் இஞ்ச வந்திருப்பனே? இது ரெண்டுக்கும் ஒரு நட்சத்திரம்தான். ஆகலும் லேசு."

"இந்த மண்ணில பெட்டி தேடுறது ஆகலும் லேசு எண்டு போட்ட மகராசன் ஆர்?"

தேனுகா போனைப் பார்த்தாள். "சொந்தப் பெயர் போடேல்ல. ஒற்றைக்கால் கொக்கு எண்டு போட்டிருக்கு."

பிரேமிளா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாவட்டத்தில் ஒற்றைக்கால் பலருக்கு இருந்தது. அதைப் பட்டம்போல் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற கொழுப்பு ஒருவனுக்குத்தான் இருந்தது.

சந்தியில் நிரஞ்சன் ஓட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தான். அண்ணி வருகிற வேகத்தைப் பார்த்ததும் எழுந்து இருந்தான்.

"ஒன்பது வருசம் நான் முழங்காலில நிண்டு இந்த மண்ணுக்குள்ளால பெட்டி எடுத்தனான். நீ அதே மண்ணுக்க பெட்டி வைக்கிறாய். அதுவும் பச்சை பூசி. நல்லா இருப்பாயடா."

"அது ஐஸ்கிறீம் பெட்டி அண்ணி."

"வேற நிறம் கிடைக்கேல்லையோ?"

"மஞ்சள் பூசினால் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே."

வண்டவாளம் முழுக்க வெளியே வந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் ஓட்டோவில் ஏறிய ஒரு வெள்ளைக்காரன் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து நிரஞ்சன் அங்கங்கே பெட்டி வைத்து வருகிறான். தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவன் ஓட்டோவில்தான் ஏறுகிறார்கள். ஊராருக்குப் பறவை எண்ண வந்தவர்கள் என்று சொல்லியிருந்தான். ஊரும் நம்பியது, படித்தவர்கள் எதையும் எண்ணுவார்கள் என்று.

"வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே. அந்தப் பெட்டிக்காகத்தானே என்ர விதைப்பு நிக்குது."

"பொலிசெல்லோ வந்திட்டுது. என்ர பெட்டி எண்டால் உள்ளுக்குப் போடுவினம். ஓட்டோவையும் பறிப்பினம். பேந்து நான் என்னத்தை ஓட்டுறது, இந்தக் காலையோ?"

பிரேமிளா கத்துவதற்கு வாய் திறந்தாள். "மழை இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது. இந்த விதைப்புப் போனால் நான் வேலையும் இல்லை வயலும் இல்லை எண்டு உங்கட அம்மாவின்ர வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கோணும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அது மட்டும் இல்லை. நான்தான் விட்டிட்டனோ எண்டு நினைச்சு நினைச்சு எனக்கு நித்திரை இல்லையடா. அந்தப் பாதையால பள்ளிக்கூடப் பிள்ளையள் மீன் பார்க்கப் போறதுகள்."

நிரஞ்சன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். "ஏறுங்கோ, பொலிசுக்குப் போவம்" என்றான்.

சார்ஜன் வீரபாகு சிவப்புத் துணிக்கு முன்னால் நின்று முழுக் கதையையும் கேட்டார். அங்கேயே நின்ற தேனுகா போனைக் காட்டினாள். செய்தி எப்படியோ பரவி ஊரும் கூடிவிட்டது, முன்வரிசையில் வடிவம்மா. சார்ஜனுக்குத் தேனுகா சொன்ன விளையாட்டு விளங்கவில்லை. விளங்காதது சட்டவிரோதமாக இருக்கும் என்று எண்ணுவது அவருடைய உத்தியோகம்.

"உன்ர பெட்டிதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? பச்சைப் பெட்டி உலகத்தில ஒண்டுதானோ? நீ வைச்ச பெட்டியை ஆரும் எடுத்துப்போட்டு வேற ஒண்டை வைச்சிருந்தால்?"

"நானே போய் எடுத்துக்கொண்டு வாறன் சேர்."

சார்ஜன் யோசித்தார். "விட எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பிறகு, "எனக்கு ஒரு போன்கோல் கதைக்க இருக்கு. அந்தப் பக்கம் திரும்பி நிண்டுதான் கதைப்பன்" என்று சொல்லித் திரும்பி நின்றார். போனைக் காதில் வைத்தார். அது அணைந்திருந்தது.

நிரஞ்சன் துணியைத் தூக்கிக் குனிந்தபோது பிரேமிளா அவன் சட்டையைப் பிடித்தாள். தான் பிடிப்பாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. அவை வரட்டும். விதைப்புப் போனால் போகட்டும்."

"என்ன அண்ணி, என்ர பெட்டிதானே."

"பெட்டி உன்ர. மண்?"

"மண் உங்கட" என்றான் அவன். ஏதோ எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். "காலைப் பறிகுடுத்தாப் பிறகு நான் தார் றோட்டை விட்டு இறங்கினதே இல்லை, ஒண்டுக்கு இருக்கக்கூட. நீங்கள் இந்தப் பாதையைக் கையளிச்ச அண்டைக்குத்தான் இறங்கினனான். நீங்கள் முன்னால நடந்தனீங்கள், நான் உங்களுக்குப் பின்னால. உங்கட சப்பாத்துத் தடத்துக்க என்ர பொய்க்காலை வைச்சு வைச்சு வந்தனான். நீங்கள் திரும்பிப் பார்க்கேல்ல. அதுக்குப் பிறகு நான் பெட்டி வைச்ச இடமெல்லாம் நீங்கள் நடந்து குடுத்த இடம்தான். ஆனையிறவு, உடையார்கட்டு, இஞ்ச. வேற இடத்தில வைச்சால் நான் என்னண்டு போறது?"

சட்டையிலிருந்து அவள் கை தானாக விட்டது. நிரஞ்சன் போனான். பொய்க்கால் நேராக விழும், நல்ல கால் கொஞ்சம் வளைந்து விழும். பிரேமிளா அந்தப் பொய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மண்ணில் படும் ஒவ்வொரு தடவையையும் எண்ணினாள். அந்த மண்ணைக் கையால் தடவித் தடவிப் பார்த்தவள் அவள். அந்த மண்ணை நம்பாமல் நிற்பவளும் அவள்தான். நம்பிப் போகிறவன் அதே மண்ணுக்குக் காலைக் கொடுத்தவன். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சொல்லமுடியாத வெட்கம்.

மரத்தடியில் அவன் சிரமப்பட்டுக் குந்தினான். சருகை விலக்கினான். மூடி திறக்கும் சத்தம் கேட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அவன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டான்.

சார்ஜன் கோலை முடித்துக்கொண்டு திரும்பினார். பெட்டிக்குள் ஒரு பென்சில், ஆட்கள் பெயர் எழுதிய கொப்பித்தாள், ஒரு தலைமயிர்க் கிளிப், ஒரு பிளாஸ்டிக் யானை. யானையைத் தலைகீழாகப் பிடித்து, குலுக்கி, காதில் வைத்துப் பார்த்தார். பிறகு நிரஞ்சனை ஒரு மணித்தியாலம் ஏசினார். நாட்டின் பாதுகாப்பு, பொதுமக்களின் நேரம், ஐஸ்கிறீம் பெட்டியின் சரியான உபயோகம் எல்லாம் அதில் வந்தன. ஓட்டோவைப் பறிக்கவில்லை. திரும்பிப் போவதற்கு அவருக்கும் அதுதான் வாகனம்.

பாதை திறந்தது. ஞாயிறு காலை உழவு மெசின் வந்தது. திங்கள் இரவு மழை வந்தது. இடையில் கிடைத்த அந்த இரண்டு பகலில் பிரேமிளாவும் கணவனும் விதைத்து முடித்தார்கள். வடிவம்மா வரம்பில் நின்று மேற்பார்வை செய்தார். தன் மகன் வெளிநாட்டாரையே இந்தக் குளத்துக்கு வரவைத்தவன் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விதைக்கச் சொன்ன வாய் அது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் பின்னேரத் தேநீர் கிடைக்காது.

பெட்டியைத் திரும்ப வைக்கலாம் என்று பிரேமிளாவே சொன்னாள், ஒரு நிபந்தனையோடு. சருகுக்குள் வைக்கக்கூடாது, வேருக்குள் வைக்கக்கூடாது, மண்ணில் படவே கூடாது. மஞ்சள் பூசி, கண்ணுக்கு நேரே, மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட வைத்தாள். போதாததற்கு அதில் 'பெட்டி' என்றும் எழுதச் சொன்னாள். ஒளித்து வைப்பது என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கப்படுத்தப் போய் நிரஞ்சன் தோற்றான்.

பயிர் முழங்கால் உயரம் வந்த நேரம் தேனுகா மறுபடி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, பெட்டியைக் கண்டாள். அவ்வளவுதான், தேடல் முடிந்தது. பெயரை எழுதிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன அக்கா இது. தேடவே இல்லை. இவ்வளவு லேசா இருந்தால் இதில என்ன இருக்கு?"

பிரேமிளா வயலுக்குப் போகிற வழியில் மண்வெட்டியோடு நின்றாள். "லேசாத்தான் இருக்கும்" என்றாள். "லேசாக்கத்தான் ஒன்பது வருசம் முழங்காலில நிண்டனாங்கள். வந்ததுக்குக் கூழைக்கடாவைப் பாருங்கோ. அந்தா, கட்டுக்கு அங்கால இறங்கியிருக்கு."

சொல்லிவிட்டு அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்தபடியே நடந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் காலடியைப் பார்க்காமல் அந்தப் பாதையில் நடந்தாள். முப்பது அடி போயிருப்பாள். கால் பொதுக்கென்று ஒன்றில் புதைந்தது.

ஒரு கணம் அவளுக்கு மூச்சு நின்றது. பிறகு குனிந்து பார்த்தாள். சுடச்சுடச் சாணி.

தேனுகா பின்னால் நின்று என்னவென்று கேட்டாள். பிரேமிளா சத்தம் போட்டுச் சிரித்தாள். காலைப் புல்லில் தேய்த்துவிட்டு, மறுபடி கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டு போனாள்.